முன்னே கொடி பறக்கிறது. பின்னே விளக்கு எரிகிறதா?

கூட்டம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நள்ளிரவு கடந்த நேரம். கடலூர் மாவட்டத்துச் சாலை. கரும்பு வெட்டும் காலம். நாம் ஏறி வந்தது ஒரு பழைய வேன். ஓட்டியவர் நம் தோழர். பக்கத்தில் அவர் துணைவியார். அவர் மடியில் மூன்று வயதுக் குழந்தை, அயர்ந்த உறக்கத்தில்.

திடீரென்று எதிரே இருட்டு கெட்டியாயிற்று! இருட்டுதான் என்று எண்ணினோம். அது இருட்டல்ல, கரும்பு. டிராக்டருக்குப் பின்னே டிரெய்லர். டிரெய்லர்மீது மலையென அடுக்கிய கரும்பு. பின்னே ஒரு விளக்கில்லை. வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு வில்லைகூட இல்லை. பிரேக் அலறிற்று, வேன் நின்றது. நமக்கும் கரும்புக்கும் ஒரு முழ இடைவெளி. தாய் இரு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தும், குழந்தையின் நெற்றி முன் தகரத்தில் மோதி வீங்கிவிட்டது.

இறங்கி ஓடினோம். டிராக்டர் ஓட்டிவந்தவர் இருபது வயது இளைஞர். "ஏன் தம்பி, பின்னால் விளக்கு எங்கே?" என்று கேட்டோம்.

"ஒயரு அறுந்துபோச்சுண்ணே. சீசன் முடியட்டும், பாத்துக்கலாம்னுட்டாரு முதலாளி."

சீசன் முடியட்டும்! அதற்குள் எத்தனை உயிர் முடிந்தாலும் கணக்கில்லை போலும்!

அந்த இளைஞர்மீது நமக்குக் கோபம் வரவில்லை. வேனுக்குத் திரும்பி, அழும் குழந்தையைப் பார்த்தபோது வெட்கந்தான் வந்தது. டிரெய்லரில் விளக்கில்லை என்று கேட்டோமே, நம் வேனில் பெல்ட் இருந்ததா? இல்லை! ஒரு பழைய வண்டியின் குற்றத்தை இன்னொரு பழைய வண்டியில் உட்கார்ந்துகொண்டு விசாரித்தோம்!

தோழர்களே! 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் மாண்டவர் 17,884 பேர். அதே ஆண்டில் இந்தியா முழுவதும் பெல்ட் அணியாமல் மாண்டவர் 16,715 பேர். அவர்களில் 8,331 பேர் வண்டியை ஓட்டியவர்கள் அல்லர்; நம்பி ஏறி அமர்ந்தவர்கள்.

விதி என்பார் சிலர். விதியல்ல, வெறுங்கணக்கு! மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன், ஆபத்தைக் கண்டு, காலை அழுத்தி, வண்டி நிற்பதற்குள் ஏறத்தாழ 45 மீட்டர் ஓடிவிடுகிறான். எதிர்வண்டிக்காகத் தாழ்த்திய விளக்கு காட்டுவதோ 40 மீட்டர் அளவுக்கே. விளக்கில்லாத டிரெய்லர் கண்ணில் படும்போதே காலம் கடந்துவிடுகிறது!

மடியில் அணைத்திருக்கிறோமே என்பார் தாய்மார். 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்த வண்டி மோதி அரை மீட்டருக்குள் நின்றால், 10 கிலோ குழந்தை 200 கிலோ எடையாய் முன்னே பாயும். எந்தத் தாயின் கை தாங்கும்? பாசம் குறைவென்று சொல்லவில்லை. பாசத்துக்குப் பெல்ட்டின் வலு இல்லை என்கிறோம்.

சுவீடன் நாட்டு வோல்வோ நிறுவனத்தில் பணியாற்றிய நீல்ஸ் போலின் என்ற பொறியாளர், தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டை 1959இல் ஆக்கித் தந்தார். உயிர் காப்பது என்பதால் மற்றக் கம்பெனிகளும் அதைச் செய்துகொள்ளட்டும் என்று விட்டது அந்த நிறுவனம். இங்கே காரின் முன் இருக்கைக்குப் பெல்ட் வேண்டும் என்ற விதி வந்தது 1994இல். 35 ஆண்டுகள்! 2019 ஜூலைக்குப் பின் செய்யப்படும் கார்களிலோ, முன்னிருக்கையில் பெல்ட் அணியாவிட்டால் வண்டியே கூவி எச்சரிக்கிறது. நல்லது. வரவேற்கிறோம். ஆனால் அதற்கு முன் பிறந்த வண்டிகள்?

பிறப்பால் உயர்வு தாழ்வு கூடாது என்று மேடைதோறும் முழங்குகிறோம். இங்கே பாருங்கள், வண்டியின் பிறந்த ஆண்டைப் பார்த்துப் பிள்ளையின் உயிருக்கு விலை வைக்கிறார்கள்! புதுக்கார் வாங்க வல்லவர் வீட்டுப் பிள்ளைக்குப் பெல்ட் உண்டு, காற்றுப் பை உண்டு, கூவும் மணி உண்டு. மூன்று கை மாறிய வேனில் போகும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குத் தாயின் மடி ஒன்றே!

14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019இல் திருத்திய சட்டம் சொல்கிறது. சட்டம் சரி. ஆனால் பெல்ட்டே இல்லாத வண்டிக்காரன் பெல்ட்டுக்கு எங்கே போவான்? அபராதச் சீட்டு நெஞ்சைச் சுற்றிக் கட்ட உதவுமா?

"பழைய வண்டியை உடைத்துப் போடு" என்கிறது 2021இல் டில்லி அறிவித்த கொள்கை. உடைத்துவிட்டு? அந்த வண்டியல்லவா அவன் வீட்டில் உலை வைக்கிறது! ஓடத் தகுதியற்றதை ஒழியுங்கள், ஆட்சேபணை இல்லை. ஓடத் தகுந்ததற்குக் குறைந்திருப்பதைப் பூட்டிக் கொடுங்கள் என்கிறோம்.

என்ன பெரிய வேலை அது? டிராக்டரில் ஒரு சாக்கெட், டிரெய்லரில் ஒரு பிளக், இரண்டு பின்விளக்கு, பிரேக் லைட், இண்டிகேட்டர். எர்த் ஒயரைத் தனியாக இழுக்க வேண்டும். கொக்கி இரும்பின் வழியே எர்த் வரும் என்று விட்டால், துருவும் சேறும் படிந்ததும் விளக்கு மினுக்கி அணையும். கரும்பு நீட்டிக்கொண்டு விளக்கை மறைக்கிறதா? ஒரு பலகையில் விளக்குகளைப் பொருத்திச் சுமையின் கடைசியில் கட்டுங்கள். சுமை இறங்கியதும் கழற்றி வையுங்கள். பேட்டரி செத்தாலும் மின்னும்படி சிவப்புப் பட்டை ஒட்டுங்கள். மொத்தச் செலவும் ஒரு டயரின் விலைக்கு எட்டாது.

பெல்ட் பூட்டுவதில் மட்டும் கவனம் வேண்டும். மெல்லிய தகரத்தில் துளையிட்டு முடுக்கினால், மோதும் வேகத்தில் தகரம் கிழிந்து போல்ட் பெல்ட்டோடு வந்துவிடும். துருப்பிடிக்காத இடம் பார்த்து, அடியில் கனத்த இரும்புத் தகடு கொடுத்து, அதற்கென்றே உள்ள வலுவான போல்ட் போட வேண்டும். விபத்தில் சிக்கிய வண்டியின் பெல்ட்டை மலிவென்று வாங்காதீர்கள். ஒருமுறை உயிரை இழுத்துப் பிடித்த நாடா மறுமுறை பிடிக்கும் என்ற உறுதி இல்லை. பிள்ளைகள் பின்னிருக்கையில் இருக்கட்டும். கைக்குழந்தைக்குப் பின்னோக்கி அமரும் இருக்கை. வளர்ந்த பிள்ளைக்கு உயரம் கூட்டும் மணை. அப்போதுதான் பெல்ட் கழுத்தில் விழாமல் தோளில் படியும்.

வண்டி வாங்கினால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கத் தவறுவதில்லை நாம். பின்விளக்கு எரிகிறதா என்று ஒருநாள் குனிந்து பார்த்ததுண்டா? அன்று மாட்டுவண்டிக்காரன் அச்சுக்கடியில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டுத்தான் இரவில் வண்டி கட்டினான். விளக்கில்லாத சைக்கிளைப் போலீஸ்காரர் பிடித்துக் காற்றைப் பிடுங்கிய கதையைப் பெரியவர்களைக் கேளுங்கள். மாட்டுவண்டிக்கு இருந்த மதி டிராக்டருக்கு இல்லையா?

ஆகவே கேட்கிறோம். சர்க்கரை ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கின்றனவே, அங்கேயே சீசன் தொடங்கு முன் விளக்குப் பூட்டும் முகாம் நடக்கட்டும். கரும்பு வாங்கும் ஆலை செலவில் பங்கு ஏற்கட்டும். பழைய வண்டிகளில் பெல்ட் பூட்டும் முறையைத் தொழிற்பயிற்சி நிலையங்கள் பட்டறைத் தோழர்களுக்குக் கற்றுத் தரட்டும். அபராதம் வாங்கும் கை, பெல்ட் வாங்க உதவித்தொகையும் கொடுக்கட்டும்.

சர்க்காரைக் கேட்டாயிற்று. நம்மை யார் கேட்பது? மாநாடு என்றால் வண்டி கட்டிக்கொண்டு வருகிறோம். சரக்கு ஏற்றும் டிரெய்லரில் ஆள் ஏற்றக் கூடாது என்பது தெரிந்தும் ஏற்றுகிறோம். முன்னே கட்டும் கொடி சாயாமல் நிற்க நான்கு முடிச்சுப் போடும் நாம், பின்னே ஒரு விளக்கை ஏன் மறந்தோம்? இனி டிரெய்லரில் ஆள் ஏற்றுவதில்லை, பின்விளக்கு எரியாத வண்டியில் புறப்படுவதில்லை என்று கிளைதோறும் முடிவு செய்யுங்கள். தலைமையின் கட்டளைக்குக் காத்திருக்க வேண்டாம். இதற்குத் தீர்மானம் வேண்டாம். ஒரு திருப்புளி போதும்!

அன்று வேன் ஓட்டிய தோழர் அடுத்த வாரமே பட்டறைக்குப் போய்ப் பெல்ட் பூட்டிவிட்டார். குழந்தைக்கு இருக்கையும் வாங்கிவிட்டார். நெற்றி வீக்கமும் வடிந்துவிட்டது. அந்த டிராக்டர் இளைஞர் நினைவுதான் நம்மை விடவில்லை. இன்றிரவும் அவர் கரும்பு ஏற்றிக்கொண்டு சாலையில் இருப்பார். அறுந்த ஒயர் இன்னும் அறுந்தேதான் கிடக்கிறதோ?

உங்கள் ஊரிலும் அப்படி ஒரு தம்பி இருப்பார், தோழர்களே! நாளைக்கே போய் அந்த ஒயரைச் சேர்த்துக் கொடுங்கள்.