சர்தார்ஜி தமாஷ்: சிரிக்க அனுமதி கொடுப்பது யார்?

சிரிப்பு யாருக்குத்தான் பிடிக்காது? நாலு பேர் கூடிய இடத்தில் ஒருவர் தமாஷ் சொல்லத் தொடங்கினால், ஐந்தாவது ஆளும் வந்து நிற்பார்.

அப்படிச் சொல்லப்படும் தமாஷ்களில் ஒரு பெயர் அடிக்கடி அடிபடும். அது "சர்தார்ஜி".

சர்தார்ஜி ரெயிலில் ஏறுவார். சர்தார்ஜி பரீட்சை எழுதுவார். சர்தார்ஜி டாக்டரிடம் போவார். எங்கே போனாலும் ஏதாவது ஓர் அசட்டுக் காரியம் செய்வார். அத்தோடு கதை முடியும். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. தமிழ்நாட்டில் இந்தக் கதைகளைச் சொல்பவர்களில் பலர், ஒரு சர்தார்ஜியோடு ஐந்து நிமிடம் பேசியிருக்க மாட்டார்கள்.

2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி, இந்தியாவில் சீக்கியர்கள் சுமார் 2 கோடியே 8 லட்சம் பேர். நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அவர்களிலும் பெரும்பாலோர் பஞ்சாபில் வாழ்கிறார்கள். ஆகவே தமிழ்நாட்டுச் சிறுவன் ஒருவன் தன் வாழ்நாளில் முதன்முதலாகச் சந்திக்கும் சீக்கியர், ஒரு தமாஷில் வருகிற சீக்கியர்தான். அவர் முட்டாள். அடுத்து வருகிறவரும் முட்டாள்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? சிரிப்புதானே என்று கேட்கலாம். அந்தக் கேள்வி ஒரு நாள் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய்விட்டது.

கோர்ட்டு ஏறிய தமாஷ்

2015-ம் ஆண்டு, ஒரு சீக்கியப் பெண் வக்கீல் டெல்லியில் பொதுநல வழக்குப் போட்டார். சீக்கியர்களை முட்டாள்களாகக் காட்டும் தமாஷ்களைத் தடை செய்ய வேண்டும் என்று கேட்டார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இணையதளங்களில் இப்படிப்பட்ட தமாஷ்கள் இருப்பதாக முறையிட்டார்.

இன்னொன்றும் சொன்னார். தம் பிள்ளைகள் மனம் நொந்து போயிருக்கிறார்கள். "சிங்", "கவுர்" என்ற பெயர்களே வேண்டாம் என்று சொல்கிறார்கள் என்றார்.

இது சின்ன விஷயம் அல்ல. அந்தப் பெயர்களின் கதையைத் தெரிந்துகொண்டால்தான் அதன் கனம் புரியும்.

1699-ம் ஆண்டு, பஞ்சாபில் ஆனந்தப்பூர் என்ற ஊரில் குரு கோவிந்த சிங் "கால்சா" என்ற அமைப்பைத் தொடங்கினார். அதில் சேர்ந்த ஆண்கள் "சிங்" என்றும், பெண்கள் "கவுர்" என்றும் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. "சிங்" என்றால் சிங்கம். "கவுர்" என்றால் இளவரசி என்று பொருள் சொல்வார்கள். பெயரைக் கேட்டு ஒருவர் என்ன சாதி என்று கண்டுபிடிக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். கீழ்சாதி என்று ஒதுக்கப்பட்டவரும் சிங்கம்தான். பெரிய இடத்துக்காரரும் சிங்கம்தான்.

முந்நூறு வருஷத்துக்கு மேலாகத் தலைநிமிர்ந்து சொல்லி வந்த பெயர் அது. அந்தப் பெயரை ஒரு பிள்ளை வேண்டாம் என்கிறது என்றால் சும்மாவா சொல்லும்?

நீதிபதிகள் முதலில் தயங்கினார்கள். தங்களுக்குத் தெரிந்த பல சீக்கியர்கள் இந்தத் தமாஷ்களை வேடிக்கையாகத்தானே எடுத்துக்கொள்கிறார்கள், அவர்களே தடையை எதிர்க்கக்கூடுமே என்று கேட்டார்கள். பிறகு, டெல்லி குருத்துவாரா நிர்வாகக் கமிட்டியும் வழக்கில் சேர்ந்தது.

2017-ம் ஆண்டு பிப்ரவரியில் வழக்கு நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, ஆர்.பானுமதி ஆகியோர் முன்பு வந்தது. (பானுமதி தமிழ்நாட்டுக்காரர். அப்போது தலைமை நீதிபதியாக இருந்த கேஹர் ஒரு சீக்கியர். அந்தப் பதவிக்கு வந்த முதல் சீக்கியரும் அவரே.) குடிமக்கள் எப்படி ஒழுக்கமாக நடந்துகொள்ள வேண்டும் என்று கோர்ட்டு விதி போட முடியாது என்று நீதிபதிகள் கூறினார்கள். இன்று ஒரு சமூகத்துக்கு விதி வகுத்தால், நாளை வேறொரு சமூகம் வந்து நிற்கும் என்றும் சொன்னார்கள்.

நீதிபதிகள் சொன்னது சரி. தமாஷுக்குத் தடை போட்டால் யார் அமல் நடத்துவது? டீக்கடை டீக்கடையாகப் போலீஸ்காரர் நின்று, யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று குறிப்பு எடுப்பாரா?

ஆனால் கோர்ட்டு தடுக்க மறுத்ததை, கோர்ட்டே அனுமதி கொடுத்துவிட்டதாகச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். அது பிசகு.

குஷ்வந்த் சிங் சொல்லவில்லையா?

சர்தார்ஜி தமாஷைக் குறை சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "குஷ்வந்த் சிங்கே சொல்லியிருக்கிறாரே! அவரே சீக்கியர். அவரே சிரித்துவிட்டார். உங்களுக்கு என்ன?"

குஷ்வந்த் சிங் பெரிய எழுத்தாளர். 1915-ம் ஆண்டு பிறந்தவர். சீக்கியர்களின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதியவர். தமாஷ் புத்தகங்களும் வரிசையாக வெளியிட்டார். அவை சுடச்சுட விற்றன. தம் இனத்தாரைப் பற்றித் தாமே தமாஷ் சொல்லிச் சிரிப்பதில் அவருக்குத் தனி ருசி.

அவர் சிரிக்கலாம். யார் தடுப்பது? ஆனால் அவர் சிரித்த இடம் வேறு.

ஒரு சீக்கியர், பத்து சீக்கியர்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு முட்டாள் சர்தார்ஜி கதையைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர்கள் எல்லோருக்கும் நூறு சீக்கியர்களைத் தெரியும். சித்தப்பா பட்டாளத்தில் இருப்பார். மாமா டாக்டராக இருப்பார். பக்கத்து வயல்காரர் டிராக்டர் ஓட்டுவார். ஒருவர் கஞ்சர், ஒருவர் தாராளம். அந்தக் கூட்டத்தில் கதையில் வரும் முட்டாளும் ஓர் ஆள். எல்லா ஊரிலும் இருக்கிற மாதிரி ஓர் அசடு. அவ்வளவுதான்.

அதே கதையைத் தூக்கிக்கொண்டு, ஒரு சீக்கியரைக்கூடத் தெரியாத ஊருக்கு வாருங்கள். அங்கே சித்தப்பா இல்லை, மாமா இல்லை, டாக்டர் இல்லை. அந்த முட்டாள் ஒருவர்தான் இருக்கிறார். அவரே மொத்த இனமும் ஆகிவிடுகிறார்.

ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் கதை மாறிவிட்டது.

"மதராசி"யைக் கேளுங்கள்

இது புரியாவிட்டால், இந்தி சினிமாவைப் பாருங்கள். 1968-ம் ஆண்டு "படோசன்" என்ற படம் வந்தது. அதில் மகமூத், தமிழ்ப் பாட்டு வாத்தியாராக நடித்தார். குடுமி, வேட்டி, வாயைத் திறந்தால் "ஐயோ". தியேட்டர் அதிர்ந்தது. படம் நல்ல தமாஷ் படம்தான். மகமூத் கெட்டிக்காரர்தான்.

ஆனால் தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பவருக்குப் பாட்டு வாத்தியார்கள் பல பேரைத் தெரியும். அவர் சிரித்துவிட்டுப் போவார். வடக்கே ஒரு சின்ன ஊரில் அதைப் பார்த்தவருக்கு? தென்னாடு முழுவதும் ஒரே "மதராசி". ஆந்திரக்காரர், கேரளக்காரர், கன்னடக்காரர் எல்லோருக்கும் அதே குடுமி, அதே "ஐயோ". அங்கே பிழைக்கப் போன தமிழர், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்த "ஐயோ"வுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தமிழ்ப் படங்கள் மட்டும் சும்மா இருந்தனவா? வட்டிக்கடை "சேட்டு" வராத காலம் உண்டா? "நம்பள்", "நிம்பள்" என்று அவரைப் பேச வைத்துச் சிரித்தார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, சுத்தமாகத் தமிழ் பேசும் மார்வாடி வீட்டுப் பிள்ளையும் அந்த "நம்பள், நிம்பள்" கேலியைச் சுமக்க வேண்டியதுதான்.

நூறாவது தடவை

சொல்பவருக்கு அது புது தமாஷ். கேட்கும் சீக்கியருக்கு அது நூறாவது தடவை. இந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

"மணி பன்னிரண்டு ஆகிவிட்டதா?" என்று சீக்கியர்களைச் சீண்டுவார்கள். பன்னிரண்டு மணி அடித்தால் சர்தார்ஜிக்கு மூளை குழம்பிவிடும் என்பது கேலி.

இதற்குச் சீக்கியப் பெரியவர்கள் வேறு கதை சொல்வார்கள். பாரசீகத்திலிருந்து படையெடுத்து வந்த நாதிர்ஷா 1739-ம் ஆண்டு டெல்லியைக் கொள்ளையடித்தான். கொள்ளைப் பொருளோடும், பிடித்த பெண்களோடும் அவன் படை பஞ்சாப் வழியாகத் திரும்பியது. சீக்கியர்கள் எண்ணிக்கையில் குறைவு. பகலில் எதிர்க்க முடியாது. அதனால் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குப் பாய்ந்து, பெண்களை மீட்டு வீடு சேர்த்தார்கள். "பன்னிரண்டு மணி ஆகிவிட்டது, சீக்கியர்கள் வருவார்கள்" என்று எதிரிகள் நடுங்கினார்களாம்.

பன்னிரண்டு மணி என்பது செவிவழிக் கதைதான். நாதிர்ஷா படையைச் சீக்கியர்கள் தாக்கியது சரித்திரம். எப்படியானாலும், தாத்தா பெருமையாகச் சொன்ன கதை, பேரன் காதில் கேலியாக விழுகிறது.

பேரனால் தப்பிக்கவும் முடியாது. சீக்கியப் பையன் முடி வெட்டக் கூடாது. உச்சியில் கொண்டை போட்டு, "பட்கா" என்ற துணியால் மூடிக்கொண்டு பள்ளிக்கூடம் வருவான். வகுப்பில் நாற்பது தலை. அவன் தலை மட்டும் தனியாகத் தெரியும். ஆசிரியர் ஒரு சர்தார்ஜி தமாஷ் சொன்னால், முப்பத்தொன்பது பேரும் கதை முடியும் முன்பே திரும்பிப் பார்ப்பார்கள். அவனும் சிரித்து வைப்பான். சிரிக்காவிட்டால் "தமாஷ்கூடத் தெரியாதவன்" என்ற இன்னொரு பெயரும் வருமே!

கெடுதல் உண்டா?

அமெரிக்காவில் தாமஸ் போர்டு என்ற மனோதத்துவ ஆசிரியர், வேறு சிலரோடு சேர்ந்து இதைச் சோதித்துப் பார்த்தார். 2008-ம் ஆண்டு அது வெளிவந்தது. பெண்களை மட்டம் தட்டும் தமாஷ் காட்சிகளைக் கல்லூரி ஆண்களுக்குக் காட்டினார்கள். பிறகு மாணவர் சங்கங்களுக்கான பணத்தை எங்கே குறைக்கலாம் என்று கேட்டார்கள். பெண்கள் மீது ஏற்கெனவே வெறுப்பு உள்ள ஆண்கள், அந்த தமாஷைப் பார்த்த பிறகு பெண்கள் சங்கத்தின் பணத்தில் அதிகமாகக் கை வைத்தார்கள். வெறுப்பு இல்லாதவர்களிடம் அந்த மாறுதல் இல்லை.

அதாவது, நல்லவனைத் தமாஷ் கெட்டவன் ஆக்கிவிடாது. உள்ளே விஷத்தோடு இருப்பவனுக்கு, "பரவாயில்லை, எல்லோரும் சிரிக்கிறார்கள்" என்று தைரியம் கொடுக்கும். சிரிக்கிற கூட்டத்தில் அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பது சொல்பவருக்குத் தெரியாது.

குஷ்வந்த் சிங்குக்கே ஒரு நாள் வந்தது. 1984-ம் ஆண்டு ஜூனில் ராணுவம் அமிர்தசரஸ் பொற்கோவிலுக்குள் நுழைந்தது. அவர் மனம் வெதும்பி, தமக்கு அளிக்கப்பட்ட பத்மபூஷண் விருதைத் திருப்பிக் கொடுத்தார். அக்டோபர் 31-ந் தேதி இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் சீக்கியக் காவலர்கள். அதைத் தொடர்ந்து டெல்லியில் சீக்கியர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். அரசாங்கக் கணக்குப்படி டெல்லியில் மட்டும் 2,733 பேர். ஊரையே சிரிக்க வைத்த எழுத்தாளர், சுவீடன் நாட்டுத் தூதரகத்தில் அடைக்கலம் புக நேர்ந்தது.

தமாஷ்தான் அந்தக் கொலைகளுக்குக் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. அது அரசியல் நடத்திய கொடுமை. ஆனால் அந்தக் கும்பல் தலைப்பாகையை மட்டுமே பார்த்தது. அதற்கு உள்ளே இருந்தவர் பட்டாளத்துக்காரரா, டாக்சிக்காரரா, எழுத்தாளரா என்று கேட்கவில்லை.

யார் பேசலாம்?

குருத்துவாரா கமிட்டி பேசலாமா? அது சட்டப்படி சீக்கியர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு. ஆனால் ஓட்டுப் போட்டது கோவில் நிர்வாகத்துக்கு. எந்தத் தமாஷுக்குச் சிரிக்கலாம் என்று முடிவு செய்வதற்கு யாரும் ஓட்டுப் போடவில்லை.

பெண் வக்கீல் பேசலாமா? தம் பிள்ளைகளுக்காகப் பேசலாம்; பேசியே தீர வேண்டும். ஆனால் குஷ்வந்த் சிங்கின் வாயை மூட அவருக்கு உரிமை இல்லை.

அதே போல, குஷ்வந்த் சிங்கும் தமக்கு வந்த கேலியை மட்டும்தான் மன்னிக்க முடியும். அடுத்த வீட்டுப் பையனுக்கு விழுந்த குட்டை அவர் மன்னிக்க முடியாது. "பெரியவரே சிரித்துவிட்டார்" என்று சொல்லி அந்தப் பையன் தலையில் மறுபடி குட்டுவது, பெரியவரின் கையெழுத்தைப் போட்டு வேறொருவர் கணக்கில் பணம் எடுப்பது போன்றது.

குஷ்வந்த் சிங் 2014-ம் ஆண்டு, 99-வது வயதில் காலமானார். வழக்கு வந்தது அடுத்த ஆண்டு. அவர் உயிரோடு இருந்து, கோர்ட்டு அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால், அங்கேயும் ஒரு தமாஷ் சொல்லியிருப்பார் என்று அவரைப் படித்தவர்கள் நினைப்பார்கள்.

பெயரை வேண்டாம் என்ற அந்தப் பிள்ளைகள் எந்தத் தமாஷைக் கேட்டார்கள், யார் சொல்லிக் கேட்டார்கள், எத்தனை தடவை கேட்டார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்களுடைய அம்மா சொன்ன வார்த்தைதான் இருக்கிறது.