தவறு உங்கள் விரலில் இல்லை



வங்கியிலும் இ-சேவை மையத்திலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. “எனக்கு இதெல்லாம் வராதுப்பா, நீயே போட்டுக் குடு.” சொல்கிறவர் நாற்பது வருடம் கடை நடத்தி, வரவு செலவை மனக்கணக்காகவே பார்த்தவராக இருப்பார். கல்யாண வீட்டுச் சமையலைப் பதற்றமில்லாமல் முடித்துக் கொடுப்பவராக இருப்பார். அப்பேர்ப்பட்டவர் ஒரு திரைக்கு முன்னால் நின்றதும் தன்னையே குறைத்துக்கொள்கிறார். அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பயன்படுத்துகிறவர் தடுமாறினால், அந்தத் திரையை வடிவமைத்தவரைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும். இந்த இதழில் உங்களோடு பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களுக்கு ஒரே மாதிரியான விபத்து திரும்பத் திரும்ப நேர்ந்தது. பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, இறக்கையின் மடிப்புகளை (ஃபிளாப்) உள்ளே இழுப்பதாக நினைத்து விமானி சக்கரங்களை மடக்கிவிடுவார். விமானம் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடும். விமானியின் பிழை என்றே பதிவானது. அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானியறையை ஆராய்ந்தபோது விஷயம் புரிந்தது: இரண்டு விசைகளும் பக்கத்துப் பக்கத்தில், பார்வைக்கு ஒன்றுபோல இருந்தன. சக்கர விசையின் முனையில் சின்ன ரப்பர் சக்கரத்தையும், மடிப்பு விசையின் முனையில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்த வைத்தார். இருட்டிலும் களைப்பிலும் கை தடவியே வித்தியாசம் தெரிந்துகொண்டது. இன்றைய பயணிகள் விமானங்களிலும் சக்கரத்தை இயக்கும் பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது.

நல்ல எண்ணம் மட்டும் இருந்தால் போதுமா? 2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலைப் பாருங்கள். ஃபுளோரிடாவின் பாம் பீச் மாவட்டத்தில் முதியவர்கள் அதிகம். அவர்களுக்குப் பெயர்கள் பெரிய எழுத்தில் தெரியட்டும் என்று, வாக்குச்சீட்டை இரண்டு பக்கமாக விரித்து, நடுவில் ஒரே வரிசையில் துளைகளை வைத்தார்கள். இடப்பக்கத்தில் புஷ் பெயர் முதலில், அல் கோர் பெயர் இரண்டாவதாக. ஆனால் இரண்டாவது துளை வலப்பக்கத்தில் இருந்த மற்றொரு வேட்பாளர் பாட் புக்கானனுக்கு உரியது. கோருக்கு உரியது மூன்றாவது துளை. புக்கானனுக்கு அந்த மாவட்டத்தில் 3,407 வாக்குகள் விழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை தனக்கென்று நினைத்துப் போட்டவையாக இருக்காது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் குத்தப்பட்டதால் 19,000-க்கும் அதிகமான சீட்டுகள் செல்லாமல் போயின. ஃபுளோரிடா முழுவதற்குமான அதிகாரப்பூர்வ வித்தியாசம் 537 வாக்குகள். அதுவே அதிபர் யார் என்பதைத் தீர்மானித்தது. முதியவர்கள் மேல் அக்கறையோடு செய்த வேலைதான் அது. சீட்டை அச்சுக்கு அனுப்பும் முன் நாலு முதியவர்களிடம் கொடுத்து, “கோருக்குக் குத்திக் காட்டுங்கள்” என்று கேட்டிருந்தால் சிக்கல் அங்கேயே வெளிப்பட்டிருக்கும்.

இதே வேலையை நம் ஊரில் எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். எழுத்தறிவு குறைவாக இருந்த நாட்டில் 1951-52-இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது, வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு சின்னம் என்று வைத்தார்கள். மின்னணு இயந்திரம் 1982-இல் கேரளத்தின் பரவூரில் முதன்முதலாகப் பயன்பட்டது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க வந்துவிட்டது. அடுத்த முறை வாக்களிக்கும்போது அதைக் கூர்ந்து கவனியுங்கள். அலுவலர் தன் பக்கத்துப் பொத்தானை அழுத்தியதும் பச்சை விளக்கு எரிகிறது: இயந்திரம் தயார். பெயர், சின்னம், அதற்கு நேராகவே நீலப் பொத்தான். எந்தப் பொத்தான் யாருக்கு என்று கண் அலைய வேண்டியதில்லை. அழுத்தினால் அந்த வரிசையிலேயே சிவப்பு விளக்கு எரிகிறது. ‘பீப்’ சத்தம் கேட்கிறது. பக்கத்துப் பெட்டியின் கண்ணாடி வழியாக, நாம் தேர்ந்தெடுத்த பெயரும் சின்னமும் அச்சிட்ட சீட்டு 7 விநாடி தெரிகிறது. மறுபடி எத்தனை முறை அழுத்தினாலும் கணக்கில் ஏறாது. பார்வையற்றவர்களுக்குப் பிரெய்ல் எண்கள் உண்டு.

இடைமுக வடிவமைப்பின் அடிப்படைப் பாடங்கள் அநேகமாக எல்லாமே இதற்குள் அடக்கம். இப்போது என்ன நிலை என்று காட்டு. எதை அழுத்தினால் எது நடக்கும் என்பது பார்த்ததுமே தெரியட்டும். செய்தது பதிவானதா என்று உடனே பதில் சொல். தவறு நேர முடியாதபடி வழியை அமை. மனப்பாடத்தை நம்பாதே, கண்ணில் பட்டதும் அடையாளம் தெரியட்டும். இத்துறை அறிஞர்களான டான் நார்மன் 1988-இல் எழுதிய புகழ்பெற்ற நூலும், ஜேக்கப் நீல்சன் 1994-இல் வகுத்துத் தந்த பத்து நெறிகளும் விரித்துப் பேசுவது பெரும்பாலும் இவற்றைத்தான். கடைகளில் “நூறு ரூபாய் வந்துள்ளது” என்று தமிழில் சொல்லும் ஒலிப்பெட்டியும் இந்த வகைதான். பூக்கட்டும் அம்மா கையிலிருக்கும் நாரை விட்டுவிட்டுப் போனை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

இனி, நம்மை அன்றாடம் படுத்தும் பக்கத்துக்கு வருவோம். ஏதாவது இணையப் படிவத்தைத் திறந்தால் ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம் என்கிறது. அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போடும் நமக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியலை மட்டும் போட்டால் ‘குறைந்தது மூன்று எழுத்து வேண்டும்’ என்கிறது. புள்ளி வைத்தால் ‘சிறப்புக் குறிகள் கூடாது’ என்கிறது. கடைசியில் ஒரு சான்றில் அப்பா பெயர் பின்னால் வரும், இன்னொன்றில் முன்னால் வரும். பெயர் ஒத்துப்போகவில்லை என்று அலைவது நாம். ‘முழுப்பெயர்’ என்று ஒரே கட்டம் வைத்தால் பாதி அலைச்சல் குறையும்.

மென்பொருள் துறையில் இருக்கும் வாசகர்களுக்கு உரிமையோடு ஒரு வேண்டுகோள். வெள்ளைத் திரையில் வெளிறிய சாம்பல் எழுத்து வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிவேறுபாடு வேண்டும் என்று சர்வதேச நெறியே இருக்கிறது. தொடும் பொத்தான் சுமார் 9 மில்லிமீட்டராவது இருக்கட்டும். ‘ஏதோ தவறு நிகழ்ந்தது’ என்று நிறுத்தாமல், என்ன ஆயிற்று, பணம் போனதா இல்லையா, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நல்ல தமிழில் சொல்லுங்கள். முக்கியமாக, வெளியிடும் முன் ஐந்து பேரை உட்கார வைத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள். பெரும்பாலான கோளாறுகள் தெரிய அத்தனை பேர் போதும் என்பது நீல்சனின் வாதம். அந்த ஐவரில் உங்கள் அலுவலகத்தைச் சேராத ஒரு பாட்டியும் இருக்கட்டும். அவர் திணறும்போது குறுக்கே பேசாமல், விரல் எங்கே தயங்குகிறது என்று பாருங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் வேலை இருக்கிறது. வீட்டுப் பெரியவர் போனோடு மல்லுக்கட்டும்போது அதைப் பிடுங்கி நீங்களே முடித்துவிடாதீர்கள். போன் அவர் கையிலேயே இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தடுக்கியது என்று கேளுங்கள். “இது உங்க தப்பு இல்லப்பா, இவங்க சரியா வைக்கல” என்று சொல்லுங்கள். பிறகு அந்த இடத்தைக் குறித்து, செயலியை நடத்தும் நிறுவனத்துக்கோ அரசுத் துறைக்கோ புகாராக அனுப்புங்கள். எங்களுக்கும் ஒரு படி அனுப்புங்கள். எந்தத் திரையில், எந்தப் பொத்தானில் சிக்கல் என்று தெளிவாக இருக்கும் கடிதங்களை வெளியிட்டு, திருத்தம் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்