சிறிய பங்கு, பெரிய பந்தி

2025-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அமெரிக்க மத்திய அரசின் நிதி ஒதுக்கீடு நின்றுபோனது. 43 நாள்கள் நீடித்த அந்த முடக்கத்தின்போது, ஏறத்தாழ 4 கோடியே 20 இலட்சம் மக்கள் நம்பியிருந்த உணவு உதவித் திட்டமும் நவம்பர் தொடக்கத்தில் தடைபட்டது. உலகின் மிகப் பெரிய பொருளாதாரத்தைக் கொண்ட நாட்டில் மக்கள் உணவுக்காக வரிசையில் நின்றனர். அவ்வரிசைகளில் பல ஆலய வாசல்களில் போய் முடிந்தன. கத்தோலிக்க ஆலயங்களும் இருந்தன. நம் சகோதர சபைகளின் ஆலயங்களும் இருந்தன. அவற்றுள் எபிஸ்கோப்பல் திருச்சபையின் சிறிய பங்குகளைப் பற்றி இன்று சிந்திப்போம்.

ஆங்கிலிக்கன் மரபில் வந்த இத்திருச்சபை, அமெரிக்க விடுதலைக்குப் பின் 1789-இல் தனி அமைப்பாக உருப்பெற்றது. 1960-களின் நடுவில் 34 இலட்சத்திற்கும் மேல் இருந்த அதன் உறுப்பினர் எண்ணிக்கை, 2023-இல் 16 இலட்சத்திற்கும் கீழே வந்துவிட்டது. பிறப்பு விகிதம் குறைந்தது, இளையோர் சமய வாழ்விலிருந்து விலகியது, 2003-க்குப் பின் எழுந்த கோட்பாட்டுப் பிளவுகள் எனக் காரணங்கள் பல. இன்று பெரும்பாலான பங்குகளில் ஞாயிறு வழிபாட்டிற்கு நூறு பேர்கூட வருவதில்லை. பகுதிநேரக் குருவைக் கொண்டே பல பங்குகள் இயங்குகின்றன. பங்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் ‘வெஸ்ட்ரி’ என்னும் நிர்வாகக் குழுவே கணக்கையும் கட்டடத்தையும் கவனிக்கிறது. புதிய பங்குக் குருவை ஆயரின் ஒப்புதலோடு அழைப்பதும் அக்குழுவே.

இப்படிச் சுருங்கிவரும் ஒரு பங்கு என்ன செய்ய முடியும்? நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில், செல்சி பகுதியில் உள்ள தூய திருத்தூதர்கள் ஆலயம் ஒரு விடை தருகிறது. 1980-களின் தொடக்கத்தில் அப்பங்கு மக்களும் பணமும் குறைந்து நலிந்த நிலையில் இருந்தது. நகரத் தெருக்களிலோ வீடற்றோர் பெருகிக்கொண்டிருந்தனர். நம்மையே காப்பாற்றிக்கொள்ள முடியாதபோது பிறருக்கு எப்படி உதவுவது என்று அம்மக்கள் கேட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் 1982-இல் அவர்கள் ஓர் உணவுக்கூடத்தைத் திறந்தார்கள். முதல் நாளில் சில பத்துப் பேரே வந்தனர். பிற்காலத்தில் நாளொன்றுக்கு ஆயிரம் பேருக்கும் மேல் அங்கே உண்டனர்.

1990-இல் பெரும் தீ விபத்து ஆலயத்தைப் பாழாக்கியது. அப்போதும் உணவு வழங்குவது நிற்கவில்லை. ஆலயத்தைச் சீரமைத்தபோது பங்கு மக்கள் எடுத்த முடிவுதான் நம் சிந்தனைக்குரியது. இருக்கைகளை மீண்டும் வரிசையாகப் பதிக்காமல், ஆலயத்தின் நடுக்கூடத்தையே உணவுக்கூடமாக்கினார்கள். ஞாயிறன்று நற்கருணைக் கொண்டாட்டம் நடக்கும் அதே கூரையின் கீழ், வார நாள்களில் வீடற்றோர் மேசையில் அமர்ந்து உண்ணும் வழக்கம் தொடங்கியது. 1990-களின் நடுவில் அங்கே எழுத்துப் பயிற்சி வகுப்பும் தொடங்கியது. உணவுக்கு வந்தவர்கள் தங்கள் வாழ்வைத் தாங்களே எழுதினார்கள்; அவை நூலாகவும் வெளிவந்தன. பசித்தவரை வெறும் வயிறாக மட்டும் பாராமல், சொல்வதற்கு வாழ்வொன்று உடைய மனிதராகப் பார்த்ததன் விளைவு இது.

இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. முதலாவது, இத்தகைய பணியால் பங்கு வளர்ந்ததா? பந்தியில் அமர்ந்த ஆயிரம் பேரும் ஞாயிறு வழிபாட்டுக்கு வரவில்லை. அதை எதிர்பார்த்து அவர்களுக்கு உணவு பரிமாறப்படவும் இல்லை. ஆள் சேர்க்கும் வழியாகப் பிறரன்புப் பணியைக் கருதுவோர் இறுதியில் ஏமாறுவர். நல்ல சமாரியன் அடிபட்டவனைச் சத்திரத்தில் சேர்த்தபோது அவனுடைய சமயத்தைக் கேட்கவில்லை என்பதை நாம் அறிவோம்.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. அரசு கைவிட்ட ஏழைகளை ஆலயங்கள் தாங்கிவிட முடியுமா? முடியாது. 4 கோடி மக்களின் தேவைக்கு முன் ஆயிரம் தட்டுகள் மிகச் சிறியவை. பிறரன்புப் பணி நீதிக்கு மாற்றாகிவிடக் கூடாது. நாள்தோறும் வரிசையில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பவர்களுக்கு, அந்த வரிசை ஏன் உண்டானது என்று அரசிடம் கேட்கும் கடமையும் உரிமையும் உண்டு. பந்தி பரிமாறும் கையும் நீதி கேட்கும் குரலும் ஒரே உடலுக்குரியவை.

எபிஸ்கோப்பல் திருச்சபையின் படிப்பினைகள் எல்லாவற்றோடும் நாம் உடன்படுவதில்லை. குருத்துவம், திருச்சபையின் அதிகாரம் ஆகியவற்றில் உள்ள வேறுபாடுகள் சிறியவை அல்ல. ஆயினும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏட்டில், கத்தோலிக்க மரபுகள் ஓரளவு தொடர்ந்து நிலைத்திருக்கும் சபைகளுள் ஆங்கிலிக்கன் சபைக்குச் சிறப்பிடம் தந்துள்ளது. ஒரே திருப்பந்தியில் நாம் இன்னும் அமர இயலவில்லை என்பது வேதனை. ஏழையின் பந்தியில் ஒன்றாகப் பரிமாற எந்தத் தடையும் இல்லை.

நம் பங்குகளில் பலவற்றில் ஞாயிறு திருப்பலிக்கு இடம் போதவில்லை. அதற்காக இறைவனுக்கு நன்றி கூறுகிறோம். ஆனால் நம் ஆலயம் வார நாள்களில் யாருக்காகத் திறந்திருக்கிறது? திருவிழாவுக்கும் கட்டடத்திற்கும் திரட்டும் நிதியில் பசித்தவருக்கு எவ்வளவு போகிறது? அன்பியக் கூட்டம் முடிந்து வீடு திரும்பும் நமக்கு, அடுத்த தெருவில் அடுப்பு எரியாத வீடு எது என்று தெரியுமா?

ஐந்து அப்பமும் இரண்டு மீனும் போதாது என்று சீடர்கள் சொன்னது கணக்கின்படி சரிதான். இருந்தும் ஆண்டவர் அவற்றைக் கொண்டுவரச் சொன்னார். நம்மிடம் உள்ளது சிறிதே ஆயினும் அதை அவர் கையில் கொடுப்போம்.