மடியில் இருந்த பொன் வட்டில்

காஞ்சியை அடுத்த கூரத்தில் பெருஞ்செல்வராய் வாழ்ந்த கூரத்தாழ்வான், அனைத்தையும் தானமளித்துவிட்டுத் திருவரங்கத்துக்குப் புறப்பட்டார். காட்டுவழியில் தேவியார் ஆண்டாள் அஞ்சினார். கணவர் அமுதுண்ண வேண்டுமே என்று பொன் வட்டில் ஒன்றை மடியில் மறைத்திருந்தார். ஆழ்வான் அதனை வாங்கி எறிந்தார். அம்மையாரைக் குறைகூற மனம் வரவில்லை. அரிசிப் பானைக்குள் நம் இல்லத்தரசியர் ஒளித்துவைக்கும் பணத்துக்கு அவ்வட்டிலே முன்னோடி.

காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த அத்தீவில் நெடுங்காலம் உஞ்சவிருத்தியே அவர்களுக்குச் சீவனம். ஒருநாள் பெருமழை, பிட்சைக்குச் செல்ல இயலாமல் இருவரும் பட்டினி. இரவில் கோயில் மணியோசை கேட்டது. அடியவர் பசித்திருக்க அரங்கன் அமுதுசெய்கிறானே என்று ஆண்டாள் உள்ளம் நொந்தார். சற்றைக்கெல்லாம் பிரசாதம் வாசலுக்கு வந்தது. ஆழ்வான் மகிழவில்லை, "நீ ஏதேனும் நினைத்தாயோ?" என்றே வினவினார். தேவியார் மறைக்கவில்லை. வந்ததில் சிறிதளவே இருவரும் ஏற்றனர்.