காளான் இல்லாத காளான்

திருப்பூரில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எந்த ரோட்டு முனையில் நின்றாலும் ஒரு தள்ளுவண்டி தெரியும். கல்லின் மேல் கரண்டி 'டக டக' என்று அடிக்கும் சத்தமும் கேட்கும். காளான் கடை! வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர்கள் நிஜக் காளான் என்று நம்பித்தான் முதல் தட்டு வாங்குவார்கள். பாதி தட்டு காலியாகும்போதுதான் விஷயம் புரியும். பல வண்டிகளில் அது முட்டைக்கோஸ். பொடியாக நறுக்கிய கோஸை மைதா, சோள மாவு, மிளகாய்த்தூளோடு பிசைந்து எண்ணெயில் பொரிக்க வேண்டும். பிறகு கல்லில் போட்டுக் கொத்தி, வெங்காயமும் மசாலாவும் சேர்த்து, சோள மாவுக் கரைசல் விட்டுக் கெட்டியாக்கி, மேலே பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் தூவினால் காளான் ரெடி. அதில் கொஞ்சம் காளானும் இருந்தால் கடைக்காரருக்குப் பெரிய மனசு!

இந்த வண்டிகளுக்குக் காரில் வருகிறவர்களும் உண்டு. ஐம்பது வயது இருக்கும். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "தம்பி, காரம் தூக்கலா ஒரு தட்டு போடுங்க" என்பார்கள். இன்று சொந்தமாக ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருப்பவர்கள். அன்று பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்து, பிறகு ஓவர்லாக் பிடித்து, சனிக்கிழமை சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்தவர்கள்.

பொருளாதாரப் பாடத்தில் 'தாழ்நிலைப் பண்டம்' என்று ஒன்று வரும். வருமானம் ஏற ஏற, மக்கள் எதை வாங்குவதைக் குறைத்துக்கொள்கிறார்களோ அது. அந்தக் கணக்குப்படி காரில் வந்தவர் ஏசி ஹோட்டலில் அல்லவா இருக்க வேண்டும்? குடும்பத்தோடு வந்தால் அங்கேதான் போகிறார். தனியாக வரும்போது மட்டும் இங்கே நிற்கிறார். பாடப்புத்தகம் பொய்யா? இல்லை. அவர் அன்று வாங்கியது பசிக்குச் சாப்பாடு. இன்று அதே தட்டில் வாங்குவது தன் இருபது வயதை. பண்டமே வேறு!

இது திருப்பூருக்கு மட்டும் உள்ள குணம் அல்ல. 1937ல் அமெரிக்காவின் ஹார்மெல் நிறுவனம் 'ஸ்பாம்' என்ற டின் பன்றி இறைச்சியைக் கொண்டு வந்தது. இரண்டாம் உலகப்போரில் படைவீரர்கள் அதைத் தின்று சலித்துக் கேலி செய்தார்கள். பிரிட்டனில் 1954 வரை நீடித்த ரேஷன் காலத்தில் ஸ்பாம் சாண்ட்விச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் வயதான பிறகும் அதைத் தேடினார்கள். கொரியப் போருக்குப் பிறகு அமெரிக்க முகாம்களைச் சுற்றி இருந்தவர்கள் அதைக் கிம்ச்சியோடு போட்டுக் குழம்பு வைத்தார்கள். இன்று அதே தென்கொரியாவில் அறுவடைத் திருநாளுக்கு ஸ்பாம் பரிசுப் பெட்டி கொடுக்கிறார்கள். வறுமையில் தின்றது வசதி வந்த பிறகு பிரியமான பண்டமாகிவிடுகிறது.

இதுவரை சரி. யாரும் கேலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த வண்டிக்குப் பக்கத்தில் இன்னொருவனும் நிற்கிறான். தேனியிலிருந்து வந்தவனாக இருக்கலாம், பீகாரிலிருந்து வந்தவனாக இருக்கலாம். ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு வந்திருக்கிறான். ரூமுக்குப் போய்ச் சமைக்கத் தெம்பு இல்லை. காரில் வந்தவருக்கு அது ஞாபகம். இவனுக்கு அதுதான் ராத்திரிச் சாப்பாடு.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், காரில் வந்தவர் சொல்லும் ஒரு வாக்கியத்தில். "நாங்கெல்லாம் இதைத் தின்னுதானுங்க வளர்ந்தோம், என்ன கெட்டுப் போச்சு?" கெட்டுப் போனவர்கள் காரில் வந்து பதில் சொல்ல மாட்டார்கள். வயிற்றைக் கெடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பியவர்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஜெயித்தவரின் ஞாபகத்தை வைத்து, உழைப்பவனுக்கு இது போதும் என்று முடிவு செய்யக் கூடாது.

2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ரோடமின்-பி சாயம் கலந்த பஞ்சுமிட்டாய் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே கர்நாடகம் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டது. சாயம் கலந்த பொரியலை வருடத்துக்கு இரண்டு தடவை தின்பவருக்கும், வாரத்தில் ஐந்து ராத்திரி தின்பவனுக்கும் ஆபத்து ஒன்றாகுமா? பழைய எண்ணெய்க்கும் இதே கேள்விதான்.

அதற்காக வண்டிகளை விரட்டச் சொல்லவில்லை. கம்பெனிகள் கண்டுகொள்ளாத பசியைக் கவனித்தவர்கள் அந்த வண்டிக்காரர்கள்தான். கலர் பவுடர் இல்லாமல், நல்ல எண்ணெயில் போட்டுக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். பெரிய மனிதர் கேட்டால் நடக்கும். 2024-25ல் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் இது. ராத்திரி எட்டு மணி தாண்டியும் மிஷினில் உட்கார வைக்கிறவர்கள், நாலு இட்லியோ ஒரு சாப்பாடோ போட்டு அனுப்ப முடியாதா?

காரில் வந்து காளான் தின்பவர் தாராளமாகத் தின்னட்டும். தின்று முடித்துக் கை கழுவும்போது, தன் யூனிட்டில் வேலை செய்யும் பையன்கள் இன்று ராத்திரி என்ன சாப்பிட்டார்கள் என்று ஒரு தடவை யோசித்தால் போதும்.