தம்பியின் நாலு சக்கரமும் அம்மாவின் அளவு நாடாவும்

சனிக்கிழமை காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிபரப்பு அறையிலிருந்து வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தேன். அம்மாவிடமிருந்து ஒன்பது அழைப்புகள். அம்மா சாதாரணமாக ஒரு தடவைதான் கூப்பிடுவார். எடுக்காவிட்டால் "வேலையா இருப்பா" என்று விட்டுவிடுவார். ஒன்பது என்றதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

"தம்பி விழுந்துட்டான்மா. தோள்பட்டைக்கிட்ட எலும்பு உடைஞ்சிருக்காம். அந்தச் சனியன் பிடிச்ச வண்டியை இன்னைக்கே வித்துடச் சொல்லு."

அந்த வண்டி ஒரு யமஹா ராப்டர் 700. 'ஸ்போர்ட் குவாட்' என்று சொல்வார்களே, அந்த ரகம். சுற்றுலா இடங்களில் நாம் வாடகைக்கு எடுத்து மெதுவாக ஓட்டும் ஏடிவிக்கு இது தூரத்துச் சொந்தம்தான். 686 சிசி, ஒற்றை சிலிண்டர், கிட்டத்தட்ட 190 கிலோ எடை. இந்த வகை வண்டிகளை நம் ஊரில் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது. அதனால் தம்பியும் அவன் நண்பர்களும் வாரக் கடைசியில் லாரியில் ஏற்றி, கோலசிலாங்கூர் பக்கம் இருக்கும் எங்கள் மாமாவின் செம்பனைத் தோட்டத்திற்குக் கொண்டு போவார்கள். மாமாவும் அனுமதி கொடுத்திருந்தார்.

வண்டியை வாங்கியது இரண்டாம் கையில். "முழுசா மாடிஃபை பண்ண வண்டி. முன்னாடி பின்னாடி எல்லாம் வெளிநாட்டு அப்சோர்பர்" என்று சொல்லி விற்றார்களாம். அதற்காகவே தம்பி கூடுதலாகச் சில ஆயிரம் வெள்ளி கொடுத்திருக்கிறான். வாங்கிய முதல் மாதமே 1,800 வெள்ளிக்கு ஒரு எக்ஸாஸ்டும் மாட்டினான். "சத்தத்தைக் கேளுக்கா!" என்று எனக்கு ஒலிப்பதிவு வேறு அனுப்பினான். சத்தத்தை வைத்துப் பிழைப்பவள் நான். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. தலைக்கவசம் மட்டும் பழைய மோட்டாரோடு வந்த அதே தலைக்கவசம்.

விழுந்தது எப்படி என்று கேட்டேன். வேகம் அதிகம் இல்லையாம். ஒரு சின்ன மேடு. முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறியதும் குதிரை பின்னங்காலால் உதைத்த மாதிரி வண்டியின் பின்பக்கம் எகிறி, அவனைக் கைப்பிடிக்கு மேலே தூக்கி வீசியிருக்கிறது. "நான் ஒண்ணுமே பண்ணலக்கா. வண்டியே தள்ளி விட்டுடுச்சு" என்றான். சின்ன வயதில் கண்ணாடிக் குவளையை உடைத்துவிட்டு "அதுவாவே விழுந்துச்சு" என்று சொன்ன அதே குரல். நான் நம்பவில்லை.

பட்டறையில் முதல் பாடம்

விற்பதென்று முடிவானது. விற்பதற்கு முன் ஒருமுறை பார்த்துக் கொடுங்கள் என்று கிள்ளானில் உள்ள ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போனோம். கையில் தொட்டில் கட்டோடு தம்பி, நான், கூடவே அம்மா. விலை பேசும்போது தான் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம்.

பட்டறை அண்ணன் இயந்திரத்தைத் தொடவே இல்லை. குனிந்து டயரைக் கட்டை விரலால் அழுத்தினார். கல் மாதிரி இருந்தது.

"காத்து எங்க அடிச்சீங்க தம்பி?"

"பெட்ரோல் நிலையத்துலண்ணே."

அவர் சிரித்துவிட்டார். கார் டயருக்கு 30 பிஎஸ்ஐக்கு மேல் காற்று வேண்டும். இந்த ரக வண்டிகளுக்கு 4 அல்லது 5 பிஎஸ்ஐ அளவுதான். அதற்கென்று குறைந்த அழுத்தம் காட்டும் தனி அளவுமானி இருக்கிறது. பெட்ரோல் நிலையக் கருவியில் அவ்வளவு சின்ன எண்ணைச் சரியாகப் பார்க்கவே முடியாது. கொஞ்சம் அதிகமானாலும் டயர் பந்து மாதிரி துள்ளும்.

1970-இல் ஹோண்டா விற்கத் தொடங்கிய மூன்று சக்கர வண்டியில் ஸ்பிரிங்கே கிடையாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. காற்று குறைந்த பலூன் டயர்தான் மேடு பள்ளத்தைத் தாங்கியது. அந்த மூன்று சக்கர வண்டிகள் எளிதில் கவிழ்ந்து நிறைய உயிர்களை வாங்கியதால், 1988-இல் அமெரிக்க அரசுடன் செய்த ஒப்பந்தப்படி நிறுவனங்கள் அங்கே அவற்றின் விற்பனையை நிறுத்தின. அதற்குள் நாலு சக்கர வண்டிகள் வந்துவிட்டன. பந்தயத்திற்கான நீண்ட அப்சோர்பர்களும் வந்தன. ஆனாலும் டயருக்குள் இருக்கும் காற்றுதான் இன்றைக்கும் முதல் சஸ்பென்ஷன். அதற்கு ஒரு காசு செலவில்லை.

"இது யாருக்குத் தைச்சது?"

அடுத்து அவர் கேட்ட கேள்வி: "தம்பி எத்தனை கிலோ?"

"62."

பின் அப்சோர்பரின் ஸ்பிரிங்கில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். "இது 62 கிலோ ஆளுக்குப் போட்டது இல்ல. முன்னாடி வச்சிருந்தவர் நல்ல கனமான ஆளா இருப்பாரு. பந்தயம் ஓடினவரா?"

தம்பி தலையாட்டினான். வண்டியை விற்றவர் 95 கிலோவுக்குக் குறையாதவர். பந்தயத்தில் ஓட்டியவர்.

"அளந்து பாத்துடலாம். டேப் இருக்கா?" என்று அண்ணன் பையனைத் தேடினார். பையன் வருவதற்குள் அம்மா கைப்பையைத் திறந்து தன் அளவு நாடாவை எடுத்துவிட்டார். முப்பது வருடம் ரவிக்கை தைத்தவர். வேலையை விட்டு நாலு வருடம் ஆகியும் நாடா மட்டும் பையை விட்டுப் போகவில்லை.

அளக்கும் முறை எளிது. வண்டியை முட்டுக் கொடுத்துத் தூக்கி, சக்கரம் காற்றில் தொங்கும்போது பின் அச்சிலிருந்து நேர் மேலே சட்டத்தில் ஒரு புள்ளி வரை ஓர் அளவு. பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, நாலு முறை அமுக்கி விட்டு, ஓட்டுபவர் முழு உடுப்போடு ஏறி உட்கார்ந்ததும் அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இன்னோர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஆளின் எடைக்கு வண்டி எவ்வளவு அமர்கிறது என்பதற்குக் கணக்கு. பட்டறைக்காரர்கள் இதை 'சேக்' என்கிறார்கள். ராப்டரின் பின் சக்கரம் மொத்தம் சுமார் 10 இன்ச் மேலும் கீழும் போகும். அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது இரண்டரை இன்ச்சிலிருந்து மூன்றேகால் இன்ச் வரை, அமர்ந்தால் நல்லது.

தம்பி ஒரு கையோடு மெல்ல ஏறி உட்கார்ந்தான். நானும் பையனும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். அம்மா குனிந்து அளந்தார்.

"ஒன்றரை இன்ச்."

அண்ணன் விளக்கினார். வண்டி அமரவே இல்லை. சக்கரம் பள்ளத்திற்குள் இறங்கிப் போக இடமே இல்லாமல் உச்சியில் நிற்கிறது. மேடு வந்து அழுத்தும்போது கனத்த ஸ்பிரிங் அத்தனை பலத்தையும் வாங்கி வைத்துக்கொள்கிறது. திரும்பி விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்த 'ரீபவுண்ட்' என்று ஒரு திருகு உண்டு. அதுவும் முழுக்கத் திறந்து கிடந்தது. 95 கிலோ ஆள் உட்கார்ந்திருந்தால் அவர் எடை தாங்கியிருக்கும். 62 கிலோ தம்பியைத் தூக்கி எறிந்துவிட்டது.

"அப்போ நான் சொன்னது உண்மைதானேக்கா?" என்றான் தம்பி. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அம்மா நாடாவைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "யாருக்கோ தைச்ச சட்டையை இவ்வளவு காசு குடுத்து வாங்கினியா?"

மாற்றியதும் மாற்றாததும்

அன்று வண்டியை விற்கவில்லை. "சரி பண்ண எவ்வளவு ஆகும்?" என்று அம்மாவே கேட்டார். அதற்குப் பிறகு அண்ணன் சொன்னதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். வீட்டில் இப்படி ஒரு வண்டியோ, மாடிஃபை செய்த மோட்டாரோ இருந்தால் உதவும்.

ஸ்பிரிங்கை அழுத்தி வைத்திருக்கும் வளையத்தைத் தளர்த்தினால் வண்டி கொஞ்சம் இறங்கும். ஆனால் ஸ்பிரிங்கின் பலம் குறையாது. முழுக்கத் தளர்த்தியும் எங்களுக்கு இரண்டு இன்ச்தான் வந்தது. அப்படியானால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். நல்ல அப்சோர்பர்களில் இது ஒரு வசதி. முழுதாகத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் போட்டு, உள்ளே எண்ணெயும் சீலும் மாற்றி, வால்வைச் சரி செய்தால் போதும். புதுசு வாங்கும் விலையில் ஒரு பகுதிதான் ஆகும். ஒரே ஓர் எச்சரிக்கை: இவற்றில் பலவற்றில் அதிக அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு அடைத்திருக்கும். சூட்டில் எண்ணெய் நுரைக்காமல் இருக்கத்தான் அந்த வாயு. யூடியூப் பார்த்துவிட்டு வீட்டில் திறக்கக் கூடாது.

புதிதாகவே வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கனடாவின் எல்கா, அமெரிக்காவின் ஃபாக்ஸ், சுவீடனின் ஓலின்ஸ் போன்ற பெயர்கள் இந்தத் துறையில் பிரபலம். இப்படிப்பட்ட அப்சோர்பர் வாங்கும்போது உங்கள் எடை என்ன, எந்த மாதிரி நிலத்தில் ஓட்டுவீர்கள் என்று கேட்டு அதற்கேற்ப அமைத்துத் தர வேண்டும். இந்தக் கேள்விகளைக் கேட்காமல் பெட்டியை நீட்டும் கடையில் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

தம்பியின் ஆசைப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: நீளமான ஏ-ஆர்ம். முன் சக்கரங்களைச் சட்டத்தோடு இணைக்கும் முக்கோணக் கைகள் அவை. "பிளஸ் டூ பிளஸ் ஒன்" என்றால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு இன்ச் அகலம், ஒரு இன்ச் முன்னால் என்று அர்த்தம். வண்டி அகலமானால் வளைவில் எளிதில் கவிழாது. அது உண்மைதான். ஆனால் அதற்கேற்ற நீளத்தில் அப்சோர்பர், நீளமான பிரேக் குழாய் என்று செலவு தொடரும்.

"நீங்க எங்க ஓட்டுறீங்க?" என்று கேட்டார் அண்ணன். மாமாவின் தோட்டத்தில் வாய்க்காலுக்கு மேலே போட்டிருக்கும் சின்னச் சின்னப் பாலங்கள் தம்பிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தன. ராப்டரின் அகலம் ஏற்கனவே சுமார் 46 இன்ச். இன்னும் நாலு இன்ச் சேர்ந்தால் ஒரு சக்கரம் பாலத்திற்கு வெளியேதான் போகும். பட்டியலிலிருந்து அதை அவனே அடித்துவிட்டான்.

அதற்குப் பதிலாக மூன்று பொருள் வாங்கினோம். முதலாவது, முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் நடுவே மாட்டும் நெர்ஃப் பார். கால் நழுவினால் பின் டயருக்கு அடியில் போகாமல் வலை தாங்கிக்கொள்ளும். இரண்டாவது, மணிக்கட்டில் மாட்டும் கயிற்றுச் சுவிட்ச். ஆள் விழுந்தால் கயிறு கழன்று இயந்திரம் நின்றுவிடும். மூன்றாவது, தலை அளவுக்குச் சரியான தலைக்கவசம். 1,800 வெள்ளி எக்ஸாஸ்ட்டை நண்பனுக்கு விற்று இந்தச் செலவில் பாதியைச் சமாளித்தான். பழைய எக்ஸாஸ்ட் திரும்ப வண்டிக்கு வந்துவிட்டது. மாமா வீட்டு நாய்கள் இப்போது குரைப்பதில்லை.

மூணு இன்ச்

எலும்பு கூட மூன்று மாதம் ஆனது. மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் வண்டி மறுபடி தோட்டத்திற்குப் போனது. இம்முறை அம்மாவும் வந்தார். இதற்கு முன்னால் ஒரு தடவைகூட வந்ததில்லை.

ஓட்டுவதற்கு முன் அம்மா மறுபடி அளந்தார். மூணு இன்ச். ரீபவுண்ட் திருகையும் அண்ணன் சொன்ன எண்ணிக்கைக்குத் தம்பி வைத்திருந்தான். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் குறித்துக்கொள்ள ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறான். திருகை இரண்டு சொடுக்கு திருப்பு, ஓட்டிப் பார், எழுது. ஒரே நேரத்தில் இரண்டு திருகை மாற்றாதே. இது அண்ணன் கொடுத்த வீட்டுப்பாடம்.

அவனைத் தூக்கி வீசிய அதே மேட்டை நோக்கி மெதுவாகப் போனான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறியது, அமுங்கியது, மெல்ல நிமிர்ந்தது. அவ்வளவுதான். பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது.

அம்மாவுக்கு இந்த வண்டி இன்னமும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கயிற்றுச் சுவிட்சைத் தம்பியின் மணிக்கட்டில் தானே மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார். எனக்கோ வேறு ஓர் உறுத்தல். "வண்டியே தள்ளி விட்டுடுச்சு" என்று அவன் சொன்னபோது, ஒரு நிமிடம் நின்று கேட்டிருக்கலாம். தினமும் காலையில் முகம் தெரியாத நேயர்கள் சொல்வதை அவ்வளவு பொறுமையாகக் கேட்கிறவள்தானே நான்.

உங்கள் வீட்டுத் தம்பியோ மகனோ வண்டியில் ஏதாவது மாற்றப் போகிறேன் என்று வந்து நின்றால் உடனே திட்டாதீர்கள். "இது யார் எடைக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால் ஓர் அளவு நாடாவோடு நீங்களும் பட்டறைக்குப் போங்கள்.

அடுத்த ஞாயிறு சந்திப்போம்.