வயதின் மேல் விழும் பழி

பல ஆண்டுகள் சைக்கிள் பந்தயத்தில் ஓடிவிட்டு, வேலை, மகப்பேறு, காயம், நோய் என ஏதோ ஒரு காரணத்தால் விலகி, முப்பதைக் கடந்தபின் திரும்பி வர நினைப்பவர்களுக்கென ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. விட்டவர் விட்டவர்தான், அந்தப் பழைய உடம்பு இனி வராது என்பதே அது. அணி மேலாளர்களும் விளையாட்டுப் பத்திரிகைகளும் மட்டுமல்லாமல், வர நினைப்பவரே கூட இதை நம்புகிறார். நம்பிக்கை பரவலானது, அதன் கணக்கு தவறானது. பயிற்சியை நிறுத்தியதால் வரும் இழப்பு வேறு, வயதால் வரும் இழப்பு வேறு. முன்னது பெரியது, விரைவானது, பெரும்பகுதி மீட்கக்கூடியது. பின்னது மெதுவானது, பலரும் நினைப்பதைவிடச் சிறியது. இரண்டையும் கூட்டி, மொத்தத்தையும் வயதின் பேரில் எழுதிவிடுகிறார்கள்.

பயிற்சி நின்ற சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறையத் தொடங்குகிறது. அதனால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தமும் குறைகிறது. அடுத்து, தசைக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகள் இறங்குகின்றன. எட்வர்ட் காயில் என்ற அமெரிக்க உடலியங்கியல் ஆய்வாளரின் குழு 1984இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சரிவை அளந்தது. நீண்ட காலம் பயிற்சி செய்துவந்தவர்கள் 84 நாட்கள் அதை நிறுத்தினார்கள். உடலால் பயன்படுத்த முடிகிற உச்ச ஆக்சிஜன் அளவு முதல் மூன்று வாரங்களுக்குள் 7 சதவீதம் இறங்கியது. 56 நாட்களுக்குப் பின் 16 சதவீதக் குறைவில் நிலைத்தது. தசை இழைகளைச் சுற்றியுள்ள நுண் இரத்தக் குழாய்களின் அடர்த்தியோ கடைசி வரை குறையவில்லை.

மூன்று மாத ஆய்வு ஆண்டுக்கணக்கான இடைவெளிக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். அதற்கு விடை அமெரிக்காவின் டல்லாஸில் கிடைத்தது. 1966இல் அங்கே 20 வயது இளைஞர் ஐவர் மூன்று வாரம் படுக்கையிலேயே வைக்கப்பட்டனர். அவர்களது உச்ச ஆக்சிஜன் அளவு கால் பங்குக்கும் மேல் சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 50 வயதில், அதே ஐவரும் மீண்டும் சோதிக்கப்பட்டனர். முப்பது ஆண்டுகள் பறித்தது அந்த மூன்று வாரம் பறித்ததில் பாதிகூட இல்லை. பிறகு நடை, மெல்லோட்டம், நிலைச் சைக்கிள் என ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி பெற்றதும், 1966இல் படுக்கைக்கு முன்பிருந்த அளவை அவர்கள் எட்டினார்கள். அன்று படுக்கையிலிருந்து எழுந்தபின் கடும் பயிற்சியால் பெற்ற உச்சத்தை மட்டும் எட்டவில்லை. வயது உண்மையில் எடுத்துக்கொண்டது அந்த மிச்சத்தைத்தான்.

அந்த மிச்சத்தை மறைக்க வேண்டியதில்லை. உச்ச இதயத்துடிப்பு ஆண்டுதோறும் சிறிது குறைந்துகொண்டே வரும். எந்தப் பயிற்சியாலும் அதைத் திருப்ப முடியாது. கடைசி இருநூறு மீட்டரில் பாயும் வெடிப்பு வேகம் மங்கும். கடினமான ஒரு நாளிலிருந்து தேற முன்பைவிட நேரம் பிடிக்கும். ஆனால் சாலைப் பந்தயத்திலும், வீரர் தனியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓடும் நேரப் பந்தயத்திலும் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நீடித்த உழைப்புத் திறன். மேலும், சைக்கிளில் உடல் எடையை இருக்கையும் சக்கரங்களும் தாங்குகின்றன; ஓட்டத்தைப் போல மூட்டுகள் ஒவ்வொரு அடிக்கும் அதிர்வதில்லை. திரும்பி வருபவருக்கு இவ்வளவு இணக்கமான பந்தய விளையாட்டுகள் குறைவு.

விளையாட்டின் வரலாறும் இந்த நம்பிக்கைக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. இத்தாலியின் ஃபவுஸ்டோ கோப்பி 1943இல் துனீசியாவில் போர்க்கைதியானார். 1946இல் மிலான் – சான் ரெமோ பந்தயத்தை 14 நிமிட இடைவெளியில் வென்றார். அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் 1986இல் டூர் டி பிரான்ஸை வென்ற மறு ஆண்டே வேட்டையில் தவறுதலாகச் சுடப்பட்டு உயிருக்குப் போராடினார். அடுத்த இரு டூர்களிலும் அவர் இல்லை. ஈயக் குண்டுகள் பல உடலிலேயே தங்கிவிட்ட நிலையில், 1989இல் 8 விநாடி வித்தியாசத்தில் மீண்டும் வென்றார். நெதர்லாந்தின் லியோன்டீன் வான் மூர்செல் உணவை வெறுக்கும் நோயால் 1994இல் பந்தயத்தை விட்டார். 1998இல் நேரப் பந்தய உலகப் பட்டமும், 2000 சிட்னி ஒலிம்பிக்கில் மூன்று தங்கமும் பெற்றார்.

இவர்களில் வயது வாதத்தை நேரடியாக உடைப்பவர் அமெரிக்காவின் கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் நேரப் பந்தயத்தில் தங்கம் வென்று, 2009இல் ஓய்வு பெற்று, 2010இல் மகனைப் பெற்றார். திரும்பி வந்து 2012 லண்டனில் தங்கம். மறுபடி ஓய்வு, மறுபடி 2015இல் வருகை. 2016 ரியோவில், 43ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், அதே பந்தயத்தில் மூன்றாவது தங்கம்.

இவர்கள் பிறவி வல்லவர்கள், மற்றவர்களுக்கு அளவுகோல் ஆக மாட்டார்கள் என்பது வழக்கமான மறுப்பு. அவர்கள் எட்டிய உயரத்துக்கு அது பொருந்தும். இழந்ததை உடல் மீட்கும் முறைக்குப் பொருந்தாது. பிரான்சின் ராபர்ட் மார்ஷான் 1911இல் பிறந்தவர். இளமையில் சைக்கிள் ஓட்டி, பல பத்தாண்டுகள் விட்டுவிட்டு, அறுபதுகளின் பிற்பகுதியில் மீண்டும் ஏறினார். 2012இல், 100 வயதைத் தாண்டியபின், ஒரு மணி நேரத்தில் 24.25 கி.மீ. ஓட்டினார். பிறகு ஆய்வாளர் வெரோனிக் பில்லா வகுத்த முறையில், ஐந்தில் நான்கு பங்கு இலேசாகவும் ஒரு பங்கு கடினமாகவும் ஓட்டிப் பயின்று, 2014இல் 26.92 கி.மீ. ஓட்டினார். அவரது உச்ச ஆக்சிஜன் அளவும், ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 31 மில்லிலிட்டரிலிருந்து 35ஆக உயர்ந்தது.

ஊக்கமருந்து பற்றிய சந்தேகம் இரண்டாவது மறுப்பு. அதில் நியாயம் உண்டு. அமெரிக்கர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 2009இல் திரும்பி வந்து டூர் டி பிரான்ஸில் பெற்ற மூன்றாம் இடம் 2012இல் பறிக்கப்பட்டது. அதை யாரும் சான்றாகக் காட்டக் கூடாது. ஆனால் ஓய்வு பெற்றவர் சர்வதேசப் போட்டிக்குத் திரும்ப ஆறு மாதம் முன்பே அறிவித்துச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்பது உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதி. மீள்வருகை நடக்காத காரியம் என்றால் அதற்கென்று ஒரு விதி தேவைப்பட்டிருக்காது.

இதற்கு நேர்மாறான மூடநம்பிக்கையும் ஒன்று உண்டு: சைக்கிள் மறக்காது, உடம்பு தானே நினைவுக்குக் கொண்டுவரும் என்பது. மறக்காதது சமநிலை மட்டுமே. நெருங்கி ஓடும் கூட்டத்தில் முன்சக்கரத்தைக் காப்பதும், பிளவு எந்த நேரத்தில் விழும் என்று உணர்வதும் பந்தயங்களில் ஓடித்தான் திரும்பக் கிடைக்கும். இதயத்தின் திறன் சில வாரங்களில் தேறத் தொடங்கும்; தசைநாண்கள் அவ்வளவு வேகமாகத் தேறுவதில்லை. பழைய பயிற்சிக் குறிப்பேட்டை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குபவர் முழங்கால் வலியோடு வீட்டில் உட்காருகிறார். அந்தப் பழியையும் வயதே சுமக்கிறது.

உண்மையான தடைகள் உடலுக்கு வெளியேதான் அதிகம். விலகியவருக்கு ஒப்பந்தம் இல்லை, சம்பளம் இல்லை, தேர்வுக்கு உதவும் தரவரிசைப் புள்ளியும் இல்லை. இவை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு பிரிட்டனின் லிஸ்ஸி டெய்க்னன் சான்று. 2018இல் அவர் கருவுற்றிருந்தபோதே ட்ரெக் – செகாஃப்ரெடோ அணி அவரை ஒப்பந்தம் செய்தது. 2019இல் திரும்பினார், 2021இல் பெண்களுக்கான முதல் பாரிஸ் – ரூபே பந்தயத்தை, 80 கி.மீ.க்கும் மேல் தனியாக ஓடி வென்றார். உலகச் சைக்கிள் சம்மேளனம் முதல்நிலைப் பெண்கள் அணிகளுக்கு மகப்பேறு விடுப்பையும் குறைந்தபட்சச் சம்பளத்தையும் விதியாக்கியது 2020இல்தான். அதற்கு முன் மகப்பேற்றுக்குப்பின் திரும்பாமல் போனவர்கள் எல்லோரையும் உடல் தோற்றவர்கள் என்று எண்ணுவதற்கு ஆதாரமில்லை.

ஆகவே, திரும்பி வரும் வீரரைப் பற்றி முதல் மாதத்தில் தீர்ப்புச் சொல்வது அளக்காமல் சொல்வதாகும். அப்போது தெரியும் பின்னடைவில் பெரும்பகுதி பயிற்சி இன்மையே. ஓராண்டு முறையான பயிற்சிக்கும் பந்தயங்களுக்கும் பிறகு எஞ்சும் குறைவை மட்டுமே வயதின் கணக்கில் எழுதலாம். பழைய உச்சத்திலிருந்து அந்தக் குறைவைக் கழித்த பிறகும், வென்று காட்டப் போதுமான திறன் பலருக்கு மிச்சமிருக்கும்.